அம்மாவோட இட்லி வண்டிய கார்ப்பரேஷன் லாரில ஏத்திட்டாங்க, நோட்டீஸ் எதுவும் குடுக்கல, என்ன பண்றது?

மாவரைக்கிற_வீடு:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க. எங்க அம்மா எங்க ஊர் ஜிஹெச் வாசலுக்கு எதிர்ல 17 வருஷமா இட்லி வண்டி போட்டிருக்காங்க. ஆரம்பத்துல அப்பா தான் போட்டாரு, அம்மா கூட நிப்பாங்க, அப்பா 2021ல தவறிட்டாரு, அதுலேர்ந்து அம்மா தனியா. காலைல அஞ்சரைக்கு அடுப்பு பத்தவெச்சா பத்து பத்தரைக்கெல்லாம் எல்லாம் காலி, வண்டிய பக்கத்துல வேப்பமரத்தோட சங்கிலி போட்டு பூட்டிட்டு வந்துடுவாங்க. வார்டுல படுத்திருக்கவங்களுக்கு பார்சல் வாங்க வர்ற சொந்தக்காரங்க, நைட் டூட்டி முடிச்சு வர்ற நர்ஸுங்க, ஆட்டோக்காரங்க, இவங்க தான் வாடிக்கை. ஊர் பேர் போடாதடான்னு அம்மா சொல்லிட்டாங்க, தென் மாவட்டத்துல ஒரு மாநகராட்சின்னு வெச்சுக்கோங்க.

போன செவ்வாக்கிழமை காலைல ஏழு மணிக்கு லாரி வந்து நின்னுருக்கு, கூட ரெண்டு போலீஸ். வரிசைல இருந்த ஆறு கடையையும் தூக்கிட்டாங்க. அம்மாவுக்கு அப்ப தான் மூணாவது ஈடு அடுப்புல, "அஞ்சு நிமிஷம் குடுங்கய்யா, வெந்துரும், இறக்கிக்கிறேன்"ன்னு கேட்டிருக்காங்க, அடுப்ப அணைச்சுட்டு குண்டான், சிலிண்டர், சட்னி வாளி எல்லாத்தோடயும் வண்டிய அப்படியே மேல ஏத்திட்டாங்க. சாம்பார் தூக்கு மட்டும் அம்மா கைல இருந்ததால தப்பிச்சுது. அதைத் தூக்கிட்டே வீடு வரைக்கும் நடந்து வந்திருக்காங்க. ஃபோன் வண்டி டிராயர்ல மாட்டிக்கிச்சு, அதனால எனக்கு விஷயமே மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி தான் தெரியும்.

எங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு கார்டு. சில வருஷம் முன்னாடி கணக்கெடுக்க வந்து அப்பா பேர்ல குடுத்தது, போட்டோ, நம்பர், சீல் எல்லாம் இருக்கு. அம்மா அதை காட்டினதுக்கு "செத்துப்போனவர் கார்டெல்லாம் செல்லாதும்மா"ன்னு சொல்லிட்டாங்களாம். நான் ஓசூர்லேர்ந்து லீவு போட்டு வந்து ஆபீஸ்ல போய் கேட்டா, ஐயாயிரம் கட்டிட்டு வண்டிய எடுத்துக்கோங்க, ஆனா இனிமே அந்த இடத்துல போடமாட்டேன்னு எழுதி கையெழுத்து போட்டு குடுங்கன்னாங்க. அந்த ஐயாயிரமும் வாயால சொன்னது தான், பேப்பர்ல எதுவும் இல்ல.

கையெழுத்து போடலாமா? கார்டு நிஜமாவே செல்லாதா? ஞாயித்துக்கிழமை நைட்டு நான் வண்டி ஏறியாகணும், அதுக்குள்ள ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.


கீழ்க்கோர்ட்_கருப்புக்கோட்டு:

தம்பி, முதல்ல எதுலயும் கையெழுத்து போடாதீங்க, மத்ததெல்லாம் அப்புறம். அந்த பேப்பர் ஒண்ணு அவங்க ஃபைலுக்குள்ள போயிடுச்சுன்னா நாளைக்கு நீங்க எங்க போய் நின்னாலும் "அவங்களே விருப்பப்பட்டு காலி பண்ணிட்டாங்க"ன்னு அதை தான் எடுத்து நீட்டுவாங்க.

சாலையோர வியாபாரிகளுக்குன்னு 2014ல ஒரு மத்திய சட்டம் வந்துச்சு, அந்த வருஷம் மே 1லேர்ந்து அமல்ல இருக்கு. அதுக்கு முன்னாடி வரைக்கும் கோர்ட் தீர்ப்பு தான் இவங்களுக்கு துணை, 1989ல சோடன் சிங் வழக்குல ரோட்டோரம் வியாபாரம் பண்றதும் அரசியலமைப்பு 19(1)(ஜி)ல சொல்ற தொழில் உரிமைக்குள்ள தான் வருதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு, ஆனா கட்டுப்பாடு போடலாம், இந்த இடம் தான் வேணும்னு யாரும் உரிமை கேக்க முடியாதுன்னும் சேத்து சொல்லிச்சு. 2014 சட்டமும் அதே மாதிரி ரெண்டு பக்கமும் பேசுற சட்டம் தான். அதனால இங்க யாராவது வந்து "உங்கள யாரும் தொடவே முடியாது"ன்னு தைரியம் சொன்னா நம்பிடாதீங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். பிரிவு 18 என்ன சொல்லுதுன்னா 30 நாள் நோட்டீஸ் குடுக்காம யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது, வேற இடத்துக்கு மாத்தவும் கூடாது. நோட்டீஸ் முடிஞ்சும் போகலன்னா ஒரு நாளுக்கு 250 ரூபா வரைக்கும் அபராதம் போடலாம், அதுவும் மொத்தத்துல பறிமுதல் பண்ண பொருளோட மதிப்பை தாண்டக்கூடாது. அடுத்தது பிரிவு 19, இது தான் உங்களுக்கு ரொம்ப முக்கியம். பொருள எடுத்தா என்னென்ன எடுத்தோம்னு பட்டியல் போட்டு, எடுத்த அதிகாரி கையெழுத்து போட்டு, ஒரு காப்பிய வியாபாரி கையில குடுக்கணும். கெட்டுப்போகாத பொருள்னா நீங்க கேட்டு ரெண்டு வேலை நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கணும், கெட்டுப்போற பொருள்னா கேட்ட அன்னிக்கே. அதுக்குன்னு ஒரு கட்டணம் உண்டு, ஆனா அது எவ்வளவுங்கறது இந்த சட்டத்துக்காக அரசு போட்ட திட்டத்துல எழுதியிருக்கணும், கவுண்டர்ல உக்காந்திருக்கவர் வாயிலேர்ந்து வரக்கூடாது. வியாபாரம் பண்ணலாம்னு குடுக்கிற விற்பனைச் சான்றிதழ் இல்லாம விக்கிறதுக்கே சட்டத்துல உச்சபட்ச அபராதம் 2000 ரூபா தான் தம்பி, பிரிவு 28. ஐயாயிரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுத்துல கேளுங்க, பாதி பேரு அந்த இடத்துலயே இறங்கி வந்துடுவாங்க.

கார்டு விஷயம். வியாபாரி இறந்துட்டா அவரோட மனைவியோ, அவர நம்பி இருக்கிற பிள்ளையோ அதே இடத்துல தொடரலாம்னு பிரிவு 5 தெளிவா சொல்லுது. ஆனா "அந்த சான்றிதழ் செல்லுபடியாகுற காலம் வரைக்கும்"னு ஒரு வார்த்தை கூட வரும். அதனால கார்டுல தேதி என்ன போட்டிருக்குன்னு பாருங்க, அதோட அது வெறும் அடையாள அட்டையா இல்ல விற்பனைச் சான்றிதழா, இடம் எதுன்னு எழுதியிருக்கான்னும் பாருங்க. தேதி முடிஞ்சிருந்தாலும் ஒண்ணும் குடி முழுகிடல, கணக்கெடுத்து எல்லாருக்கும் சான்றிதழ் குடுத்து முடிக்கிற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக்கூடாதுன்னு பிரிவு 3 இருக்கு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்கெடுக்கணும்னும் அதுலயே இருக்கு. உங்க ஊர்ல கடைசியா எப்ப எடுத்தாங்க? அதை வெச்சு வாதாடலாம். கண்டிப்பா ஜெயிக்கும்னு நான் சொல்லமாட்டேன், வாதாட இடம் இருக்கு, அவ்வளவு தான்.

காசு செலவு பண்ணி வக்கீல் வேணாம். அம்மா பெண்ங்கறதால வருமானம் எவ்வளவா இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வக்கீல் உண்டு, கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், இல்லன்னா 15100க்கு அடிங்க.


கொய்யாக்கூடை:

தம்பி நான் படிச்சவ இல்ல, என் பொண்ணு தான் டைப் பண்றா. பஸ் ஸ்டாண்டு வெளிய பழக்கடை போட்டிருக்கேன். என் வண்டிய ஒரே வருஷத்துல ரெண்டு தடவ தூக்கிட்டாங்க. முதல் தடவ பயந்து போய் கேட்டத குடுத்துட்டு எடுத்தேன், ரசீது கேக்கல, வண்டி வந்துச்சு, ஒரு சக்கரம் இல்ல, தராசு இல்ல, கொய்யாப்பழம் அத்தனையும் வெயில்ல கிடந்து கூழாயிருந்துச்சு. ரெண்டாவது தடவ எங்க சங்கத்து அக்கா ஒருத்தங்க கூட வந்து பட்டியல் குடுங்கன்னு கேட்டாங்க, அவ்வளவு தான் கேட்டாங்க, வேற ஒரு வார்த்தை பேசல. பட்டியலா, என்ன பட்டியல்னு அங்க இருந்தவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சாயங்காலமே வண்டி வந்துருச்சு.

ரசீது இல்லாம பத்து ரூபா கூட குடுக்காதீங்க, ரசீது இல்லாம குடுத்தா அதுக்கு பேரு அபராதம் இல்ல மாமூல், ஒரு தடவ குடுத்துட்டா மாசாமாசம் தேடி வரும்.

இன்னொன்னு, அம்மா கொரோனாவுக்கு அப்புறம் வண்டிக்காரங்களுக்கு குடுத்த லோன் வாங்கினாங்களா? ஸ்வநிதின்னு சொல்வாங்க, அப்ப முதல்ல பத்தாயிரம், அதை கட்டிட்டா இருபது, அப்புறம் அம்பதுன்னு குடுத்தாங்க. கார்டு இல்லாதவங்களுக்கு பேங்க்ல காட்ட நகராட்சியே ஒரு பரிந்துரை லெட்டர் குடுத்துச்சு. இந்தம்மா இன்ன இடத்துல வியாபாரம் பண்றாங்கன்னு அவங்களே எழுதி சீல் வெச்ச லெட்டர் அது. என்கிட்ட இருந்த அந்த லெட்டர காட்டினப்ப தான் "நீங்க வியாபாரியே இல்ல"ங்கற பேச்சு நின்னுச்சு. லோனுக்கு ஆளுன்னு ஒத்துக்குவீங்க, கடைக்கு ஆளுன்னு ஒத்துக்கமாட்டீங்களான்னு கேட்டேன், பதில் இல்ல.

அம்மாவோட சிலிண்டர் நீலமா சிவப்பா? நீலம்னா கடை சிலிண்டர், பிரச்சன இல்ல. வீட்டு சிவப்பு சிலிண்டர வெச்சு கடை நடத்தினா அது தனி கேஸு, அதை புடிச்சுக்கிட்டாங்கன்னா நீங்க பேச வேண்டியத பேச முடியாம போயிடும்.


வாக்கர்_அப்பாவின்_மக:

எல்லாரும் திட்டப்போறீங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். எங்கப்பாவுக்கு 74 வயசு, பக்கவாதம் வந்து இப்ப வாக்கர் வெச்சு தான் நடை. பிசியோதெரபிக்கு இதே மாதிரி ஒரு ஜிஹெச்சுக்கு தான் வாரம் மூணு நாள் கூட்டிட்டு போறேன். ஆட்டோலேர்ந்து இறங்கி கேட்டு வரைக்கும் நாப்பது அடி தான் இருக்கும், அந்த நாப்பது அடிக்கு பிளாட்பாரத்துல நடக்க வழியே கிடையாது, பஸ் வர்ற ரோட்டுல இறங்கி தான் போகணும். ஒரு தடவ சாக்கடை மூடி மேல கொட்டின கழுவு தண்ணில வாக்கர் வழுக்கி அப்பா விழுந்துட்டாரு. பிளாட்பாரக் கடைகள எடுக்கச் சொல்லி மனு போட்டவங்கள்ல நானும் ஒருத்தி (உங்க ஊர்ல இல்ல, எங்க ஊர்ல).

நடைபாதைல நடக்கறதுக்குன்னு தடை இல்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் இருக்கணும்னு ரோடுக்கெல்லாம் தரம் வகுக்கிற இந்திய சாலைகள் காங்கிரஸ்ங்கற அமைப்போட விதி இருக்கு, ரெண்டு வீல்சேர் எதிரெதிர்ல போகற அளவு. எங்க ஊர்ல அதுல பாதி கூட இல்ல. வியாபாரிக்கு சட்டம் இருக்கு சரி, நடக்கறவனுக்கு யாரு இருக்கா?

ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும். எங்க ஏரியால மனு போட்டு லாரி வந்து கடையெல்லாம் எடுத்த மறுநாள் அப்பாவ கூட்டிட்டு போறேன், கடை இருந்த இடம் பூரா பைக் நிக்குது. பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் பிளாட்பாரம் மேல கட்டியிருக்க மூணு படிக்கட்டு அப்படியே இருக்கு, டிரான்ஸ்பார்மர் அப்படியே இருக்கு. தூக்க முடிஞ்சத மட்டும் தூக்கியிருக்காங்க. இட்லி கடைக்கார அக்கா இருந்தப்பவாவது அப்பா வர்றதப் பாத்தா ஸ்டூல எடுத்து உள்ள போட்டு வழி விடுவாங்க, பைக்க யாரு நகத்துவா.


மாவரைக்கிற_வீடு:

அக்கா, திட்டல. அம்மாகிட்ட உங்க பதில படிச்சு காட்டினேன், "அந்த பொண்ணு சொல்றதுல என்ன தப்பு, நாமளும் தண்ணிய அங்க தானே கொட்டுறோம்"ன்னாங்க. சிலிண்டர் நீலம் தான். லோன் அப்பா பேர்ல வாங்கி கட்டி முடிச்சது, லெட்டர் பீரோல இருக்கான்னு தேடுறோம்.


ரிட்டயர்டு_சானிட்டரி:

நான் 31 வருஷம் சுகாதாரப் பிரிவுல இருந்து ஓய்வானவன், இந்த லாரி மேல நானும் உக்காந்து போயிருக்கேன், அதனால அந்தப் பக்கம் எப்படி ஓடுதுன்னு சொல்றேன்.

காலைல ஏழு மணிக்கு வந்தாங்கன்னா அது யாரோ ஒருத்தர் திடீர்னு முடிவு பண்ணது இல்ல. கோர்ட்ல யாராவது நடைபாதை வழக்கு போட்டு அறிக்கை தாக்கல் பண்ண தேதி நெருங்கியிருக்கும், இல்லன்னா ரோடு வேலை டெண்டர் முடிஞ்சு கான்ட்ராக்டர் இடம் கேட்டிருப்பார், இல்லன்னா பெரிய மனுஷங்க யாராவது வர்றாங்க. மேலேர்ந்து "இன்னைக்குள்ள போட்டோ வேணும்"னு வரும். முன்னாடி போட்டோ, பின்னாடி போட்டோ, அவ்வளவு தான் அன்னிக்கு வேலை. அந்த அவசரத்துல பட்டியல் போட யாருக்கும் நேரம் இல்ல, கடைக்கு ஒரு பேப்பர் எழுதினா ஆறு கடைக்கே ஒரு மணி நேரம் ஆயிடும். தப்பு தான், நியாயப்படுத்தல. லாரி மேல ஏத்துற பசங்கள திட்டாதீங்க, பெரும்பாலும் தினக்கூலி கான்ட்ராக்ட் ஆளுங்க, அவனும் காலைல அந்த மாதிரி ஒரு வண்டில தான் சாப்ட்டுட்டு வந்திருப்பான்.

முதல்ல அந்த ரோடு யாரோடதுன்னு கண்டுபுடிங்க. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ரோடு நிறைய ஊர்ல மாநகராட்சியோடது இல்ல, நெடுஞ்சாலைத் துறையோடது. அவங்க 2001 நெடுஞ்சாலைச் சட்டத்த எடுத்துட்டு வந்து இது எங்க இடம், உங்க வியாபாரி சட்டம் எங்களுக்கு இல்லன்னு சொல்வாங்க. 2014 சட்டத்துல பிரிவு 33ன்னு ஒண்ணு இருக்கு, மத்த சட்டங்களோட முரண்பட்டா இது தான் மேலன்னு. சட்டமே நேரா விலக்கு குடுத்திருக்கிறது ரயில்வே இடத்துக்கு மட்டும் தான். வக்கீல் சார் அதை சொல்லாம விட்டுட்டார், சேத்துக்கோங்க.

இன்னொரு குழப்பம், இப்ப நம்ம மாநிலத்துல மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாத்துக்கும் சேத்து நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்னு ஒண்ணு, பேரு 1998 சட்டம், நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல்ல தான். அதுல ஆக்கிரமிப்பு அகற்ற அதிகாரம் இருக்கு. ஆபீஸ்ல உக்காந்திருக்கவருக்கு அது தெரியும், வியாபாரி சட்டம் தெரிஞ்சவங்க கம்மி. நீங்க மனுல பிரிவு நம்பரோட எழுதிக் குடுத்தா அவர் மேல உள்ளவர கேக்காம எதுவும் சொல்லமாட்டார், அதுவே உங்களுக்கு லாபம்.

அப்புறம் நகர விற்பனைக் குழு. எந்த இடத்துல போடலாம், எங்க போடக்கூடாதுன்னு முடிவெடுக்கறதுல அவங்க கருத்து இல்லாம நடக்கக்கூடாது. கமிஷனர் தான் தலைவர், ஆனா உறுப்பினர்ல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிங்க, அவங்களுக்குள்ளயே ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கணும், அதுல மூணுல ஒண்ணு பெண்கள். கணக்கெடுத்த வியாபாரிங்க பட்டியல்ல பேர் இருந்தா தான் ஓட்டு. அம்மா பேர் பட்டியல்ல இருக்கா? இது தான் என்னோட முக்கியமான கேள்வி. என் அனுபவத்துல கணக்கெடுப்பு நாள்ல ஊருக்கு போயிருந்தவங்க, காலைல மட்டும் கடை போடுறவங்க, இவங்க பேர் தான் எப்பவும் விட்டுப்போகும், ஏன்னா கணக்கெடுக்கறவர் பதினொரு மணிக்கு தான் வருவார். உங்கம்மா பத்தரைக்கு மூடிட்டு போயிடறாங்க. அப்பா கார்டு எப்படி வந்துச்சுன்னே எனக்கு ஆச்சரியம்.

நாளைக்கு மூணு மனு தனித்தனியா எழுதுங்க, ஒரே பேப்பர்ல எல்லாத்தையும் கொட்டாதீங்க. பொருள திருப்பி கேட்டு ஒண்ணு, அதுல ஒவ்வொரு சாமானா எழுதுங்க, கரண்டி முதற்கொண்டு. கார்ட அம்மா பேருக்கு மாத்தக் கேட்டு ஒண்ணு, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வெச்சு. நோட்டீஸ் குடுத்ததுக்கு ஆதாரம் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்துல ஒண்ணு, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி. மூணுக்கும் தபால் பிரிவுல சீல் வாங்குங்க, அதிகாரி கையில நேரா குடுக்காதீங்க. அதிகாரி கையில குடுத்த பேப்பர் எங்க போகும்னு 31 வருஷம் பாத்தவன் சொல்றேன்.


மாவரைக்கிற_வீடு:

அப்டேட். வெள்ளிக்கிழமை காலைல அம்மாவும் நானும் பக்கத்து டீக்கடை அண்ணனும் போனோம். சானிட்டரி ஐயா சொன்ன மாதிரி மூணு மனு, சீல் வாங்கியாச்சு. முதல் மனுல 23 சாமான் எழுதியிருந்தோம், அம்மா ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல எழுதினேன், எனக்கே தெரியாது அந்த வண்டில இவ்வளவு இருக்குன்னு. பட்டியல் காப்பி கேட்டேன், இருங்கன்னாங்க, ஒன்றரை மணி நேரம் உக்கார வெச்சாங்க, அப்புறம் வேற ஒருத்தர் வந்து நல்லாவே பேசினார். ஐயாயிரம்ங்கற பேச்சே வரல. 500 ரூபா ரசீதோட கட்டினோம், எழுதிக் குடுக்கச் சொன்ன பேப்பர மறுபடி யாரும் நீட்டல. அது எந்த கணக்குல 500னு கேட்டிருக்கணும், அம்மா கைய அமுக்கிட்டாங்க.

கார்டு தேதி போன வருஷமே முடிஞ்சிருக்கு. அப்பா லோனுக்கு வாங்கின பரிந்துரை லெட்டர் கெடச்சுது, பீரோல இல்ல, சாமி படத்துக்கு பின்னாடி. அதையும் மனுவோட வெச்சிருக்கோம். அடுத்த விற்பனைக் குழு கூட்டத்துல வைக்கிறோம்னாங்க, எப்பன்னு சொல்லல. ரோடு வேலை முடியுற வரைக்கும் பழைய இடம் கெடையாதாம், கொஞ்சம் தள்ளி மார்ச்சுவரி பக்கத்து காம்பவுண்டு ஓரம் நிறுத்திக்கோங்கன்னு வாய்வார்த்தையா சொல்லியிருக்காங்க. அங்க யாரு இட்லி சாப்பிடுவான்னு அம்மா கேக்கறாங்க. டீக்கடை அண்ணன் சாப்பிடுவாங்கம்மா, அங்க நிக்கிறவங்களுக்கும் பசிக்கும்ங்கறார்.

வண்டி வந்துருச்சு, அடுப்பு இருக்கு, சிலிண்டர் இருக்கு, ஃபோனும் டிராயர்லயே இருந்துச்சு. இட்லி குண்டானோட மூடிய மட்டும் காணோம். மூணு நாள் பழைய மாவு தட்டுலயே இருந்து பச்சையா பூத்துப் போயிருந்தத அம்மா சுரண்டி கழுவிட்டு உக்காந்திருக்காங்க. அது அப்பா வாங்கின அலுமினிய குண்டான், அந்த சைஸுக்கு மூடி தனியா கெடைக்குமா?


கொய்யாக்கூடை:

மூடி போயிருக்காது தம்பி. யார்டுல வண்டிய ஒரு பக்கம் நிறுத்திட்டு உதிரி பாத்திரத்தெல்லாம் வாட்ச்மேன் ரூமுக்கு பின்னாடி குமிச்சு வெச்சிருப்பாங்க. என் தராசு ரெண்டு மாசம் கழிச்சு அங்க தான் கெடந்துச்சு. நாளைக்கு சனிக்கிழமை காலைல எட்டு மணிக்குள்ள போங்க, அம்மாவ கூட்டிட்டு போங்க, உங்களுக்கு எந்த மூடின்னு அடையாளம் தெரியாது.